குமாஸ்தாவாக இருந்த வித்யார்த்தி

கான்பூர் கரன்சி ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி. 1890-ல் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். என்ட்ரன்ஸ் தேறியபின் கல்லூரிப் படிப்பைத் தொடர வசதியில்லை. உத்தியோகத்தை உதறிவிட்டு, 1913-ல் 'பிரதாப்' என்ற இந்தி வார ஏட்டைத் தொடங்கினார். ஏழை விவசாயிகளுக்காக எழுதியதற்குச் சிறைவாசமே பரிசு.

1931 மார்ச் 23-ல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அதையொட்டிய கடையடைப்பின்போது கான்பூரில் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டது. பத்திரிகைக்காரருக்கு எழுதுவதுதானே வேலை என்பார்கள்; இவர் தெருவில் இறங்கினார். இந்துக்கள் பகுதியில் சிக்கிய முஸ்லிம்களையும், முஸ்லிம்கள் பகுதியில் தவித்த இந்துக்களையும் மீட்டுப் பத்திரமான இடங்களுக்கு அனுப்பினார். 25-ந் தேதி ஒரு கும்பல் அவரைக் கொன்றது. வயது 40. ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்த பிணங்களுக்கு நடுவில்தான் பிறகு அவரை அடையாளம் கண்டார்கள்.