கோணம் கொண்டு உலகை அளந்தவர்

பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயிலின் இராஜகோபுரம் ஏறத்தாழ 59 மீட்டர் உயரமுடையது. அதனை அளக்க உச்சியினின்று நூல் தொங்கவிட வேண்டுவதில்லை. சமதரையில் தியோடலைட் கருவியை நிறுத்தி, உச்சியை 45 பாகைக் கோணத்தில் காணும் இடத்தைத் தேர்ந்தால் போதும். உச்சிக்கு நேர்கீழான புள்ளிக்கும் கருவிக்கும் இடையிலுள்ள தொலைவுடன் கருவியின் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம் கிடைத்துவிடும். இக்கோணக் கணக்கைக் கொண்டே பாரதத்தை அளக்கத் துணிந்தவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், படைவீரராக இந்தியா வந்தார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையருகே, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணங்கள் தெற்கே விரிந்தன.

தஞ்சைச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னைகளோ பார்வையை மறைத்தன. ஆகவே கோபுரங்களே மேடைகளாயின. 1808இல் அரை டன் எடையுள்ள பெருங்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் அளவு வட்டம் வளைந்தது.

லாம்டன் எவரையும் பழிக்கவில்லை, பணியை நிறுத்தவுமில்லை. கூடாரத்துள் அமர்ந்து, பலகையில் சரியான வட்டம் வரைந்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு ஆறு வாரங்களில் அதனைச் சீராக்கினார். அக்கருவியே மீண்டும் பணிக்குச் சென்றது.

1823 ஜனவரி 20இல், அளவைப் பயணத்தின் நடுவே, இங்கன்காட்டில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணியை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். மாணவச் செல்வங்களே! ஒடிந்ததை மீண்டும் நிமிர்த்தும் பொறுமையும் அறிவின் ஒரு கூறே என்பதை இவ்வாழ்வு உணர்த்துகின்றது.