திருமயம் தந்த சத்தியமூர்த்தி

புதுக்கோட்டைக்குத் தெற்கே திருமயம் என்னும் ஊர் உளது. குன்றின்மேல் 1687-ஆம் ஆண்டு சேதுபதி மன்னர் எடுத்த கோட்டையும், கல்லைக் குடைந்தமைத்த சிவபெருமான், திருமால் கோயில்களும் அவ்வூர்க்குப் பழம் பெருமை தருவன. புதுப் பெருமை தந்தவரோ தீரர் சத்தியமூர்த்தி ஆவர். அவர் வாளேந்திப் போர் செய்தவரல்லர். சொல்லேந்திப் போர் செய்தவர். அவர்தம் போர்க்களம் சட்டசபை. அன்னார் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறி, சட்டவழிப்பட்ட குடியாட்சி என்பதன் உட்பொருள் யாதென அதனின்று அறிய விழைகின்றோம்.

1887-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தர் இளைஞராயிருந்தபோதே காலமானார். குடும்பப் பொறுப்பு இளந்தோளின்மேல் விழுந்தது. எனினும் கல்வியைக் கைவிட்டாரில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். அவர் பயின்ற காலத்துக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்திலது. உயர்நீதிமன்றத்திற்கு எதிரே நகரின் நடுவே நின்றது. மிஷன் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு அவர் ஒருவகையில் மூத்த தமையனாரே.

அவர் பிறந்த நாடு தொண்டைமான் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட சமஸ்தானம். குடிகளின் பிரதிநிதி சபை என ஒன்று ஆங்குத் தோன்றியது 1902-இல். சட்டசபை தோன்றியது 1924-இல். சமஸ்தானத்திற்கு அப்பால், ஆங்கிலேயர் நேரே ஆண்ட சென்னை மாகாணத்திலும் ஆள்வோரைத் தட்டிக் கேட்கும் உரிமை குடிகட்குப் பெரிதும் இருந்ததில்லை. அவ்வுரிமையைத் தேடுவதே சத்தியமூர்த்தியின் வாழ்க்கைப் பணியாயிற்று.

1919-இல் புதிய அரசியல் சீர்திருத்தச் சட்டம் ஆராயப்பட்ட காலத்தில், காங்கிரசுத் தூதுக்குழுவினருள் ஒருவராக அவர் இங்கிலாந்து சென்றார். அச்சட்டம் தந்தது இரட்டையாட்சி. கல்வி, சுகாதாரம், தல ஆட்சி முதலியன மக்கள் பிரதிநிதிகளாகிய மந்திரிகளிடம் விடப்பட்டன. நிதி, போலீசு, நிலவரி முதலியன கவர்னரும் அவர்தம் ஆலோசகரும் பற்றிக்கொண்டனர். வீட்டின் அறைகளைப் பகிர்ந்தளித்துப் பணப்பெட்டியின் சாவியை மட்டும் முடிந்துகொண்டது போன்ற ஏற்பாடு அது.

இத்தகைய சட்டசபைக்குள் நுழைவது தகுமா? காங்கிரசார் பலர் தகாது என்றனர். சித்தரஞ்சன தாசரும் மோதிலால் நேருவும் 1923-இல் சுயராஜ்யக் கட்சி கண்டு, உட்புகுந்தே போராடுவோம் என்றனர். சத்தியமூர்த்தி இவர்கள் பக்கம் நின்றார்; அவ்வாண்டே சென்னைச் சட்டசபை உறுப்பினருமானார். பதவி மோகம் என ஏசியவர் உண்டு. அவர் கொண்ட கொள்கை வேறு. வினவப் பழகாத மக்கட்கு ஒருநாள் ஆட்சியே கைவரினும் அதனைக் காக்கும் வகை தெரியாது. ஆகலின் குறையுள்ள சபையாயினும் அதனைப் பள்ளிக்கூடமாகக் கொள்ளல் வேண்டும் என்பதே அது.

அச்சபையில் நிகழ்ந்த ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. மகாராஜா கல்லூரியிற் பயின்ற மற்றொரு புதுக்கோட்டையராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சபையின் துணைத்தலைவராய் விளங்கினார். பெண்களைக் கோயில்கட்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் 1927-இல் தீர்மானம் கொணர்ந்தபோது, சத்தியமூர்த்தி அம்முயற்சியை எதிர்த்தார். இதில் அவர் பிழைபட்டார் என்றே யாம் கருதுகின்றோம். ஆயினும் சபை அம்மையார் பக்கமே நின்றது. 1929-இல் அதற்கு வழிகோலும் சட்டமும், 1947-இல் முழுத் தடையும் வந்தன. நாவன்மையில் நிகரற்றவரும் தோற்கக்கூடிய மன்றமே நல்ல மன்றம். ஒருவர் எத்துணைப் பெரியவராயினும் அவர் சொல்லே முடிவன்று என்பது குடியாட்சியின் அடிப்படையன்றோ?

1930-இல் சென்னைப் பார்த்தசாரதி கோயிலின்மேல் தேசியக் கொடியை ஏற்ற முயன்று அவர் சிறை புகுந்தார். சட்டசபையை விரும்பியவர் சிறைக்கு அஞ்சியவர் என்ற பழி அன்றே பொய்யாயிற்று. 1934-இல் மத்திய சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்டு, ஆங்குக் காங்கிரசுக் கட்சியின் துணைத்தலைவரானார். நாள்தோறும் கேள்விகளும் துணைக்கேள்விகளும் தொடுத்து அதிகாரிகளைத் திணறச் செய்தார். வாக்கெடுப்பில் அரசாங்கம் பன்முறை தோற்றது. தோற்றும் அது வீழவில்லை! சபை ஏற்க மறுத்த நிதி மசோதாவை வைசிராய் தம் தனியதிகாரத்தால் சான்றளித்துச் சட்டமாக்கிவிடுவார்.

இவ்விடத்தே அமெரிக்க ஐக்கிய நாட்டின் அமைப்பை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1787-இல் பிலடெல்பியா நகரில் வரையப்பட்டு 1789-இல் நடைமுறைக்கு வந்த அவ்வமைப்பு, சட்டம் இயற்றுதலைக் காங்கிரசுக்கும், செயலாற்றுதலைக் குடியரசுத் தலைவர்க்கும், நீதி வழங்குதலை நீதிமன்றங்கட்கும் பிரித்தளித்தது. சட்டத்தின் வழியன்றிப் பொதுப் பணத்தில் ஒரு காசும் எடுத்தல் ஆகாது. தலைவர் ஒரு மசோதாவை மறுக்கலாம். இரு சபைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் அம்மறுப்பை வெல்லலாம். சபை மறுத்ததைத் தலைவர் தாமே சட்டமாக்க இயலாது. அடிப்படை உரிமைகளைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் 1791-இல் சேர்ந்தன. ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் குவியின் உரிமை மாயும் என்ற அச்சமே இவ்வமைப்பின் வித்து. தில்லியிலோ சபைக்கு நா இருந்தது, கை இல்லை. அந்நாவைக் கொண்டே சத்தியமூர்த்தி, கையில்லாக் குறையை உலகறியச் செய்தார்.

1937-இல் நடந்த மாகாணத் தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களுள் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. பதவி ஏற்றல் வேண்டும் எனப் பல்லாண்டு வாதித்தவர் சத்தியமூர்த்தி. ஊர்தோறும் சென்று வாக்குக் கேட்டவரும் அவரே. இராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியானார். மந்திரி சபையில் சத்தியமூர்த்திக்கு இடம் வாய்க்கவில்லை. அதுபற்றிக் கட்சியை உடைத்தாரில்லை. தில்லியில் தம் பணியைத் தொடர்ந்தார். தாம் வளர்த்த காமராசர் 1940-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசுத் தலைவரானபோது, முன்பு அத்தலைமையில் இருந்த சத்தியமூர்த்தி அவர்க்குக் கீழே செயலாளராய் இருக்க நாணவில்லை. பதவி பொதுச்சொத்து, அமர்வதும் எழுவதும் முறைப்படி நிகழவேண்டுவன என்பதை இதனினும் தெளிவாக யாவர் உணர்த்தவல்லார்?

1939-இல் அவர் சென்னை நகர மேயரானார். நகரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டை நீக்கக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க முனைந்தார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. மக்கள் வரிப்பணம் மக்கள் குடத்தில் நீராய்த் திரும்பும் ஆட்சியே அவர் விழைந்த ஆட்சி. 1944-இல் வேலை முடிவுற்றது. அந்நீரைக் காண அவர் இருந்திலர்.

1942-இல் பம்பாய்க் காங்கிரசுக் கூட்டத்தினின்று திரும்புகையில் அவர் சிறைப்பட்டார். நெடுந்தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழியில் முதுகெலும்பு நோயுற்றது. அந்நோய் தீராமலே, 1943-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் ஆவி நீத்தார். அப்போது அவர்க்கு வயது 55. பூண்டி நீர்த்தேக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நாடு 1947-இல் விடுதலை பெற்றது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1950-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கரைப் போல் அடிப்படை உரிமைகளை எழுதிவைத்து, அவற்றைக் காக்கும் பொறுப்பை நீதிமன்றங்கட்கு அளித்தோம். மந்திரிகள் நாள்தோறும் சபைக்கு விடை கூறும் முறையையோ பிரிட்டனிடமிருந்து கொண்டோம். சபையின் நம்பிக்கையை இழந்த மந்திரி சபை இனி நிலைக்க இயலாது. சத்தியமூர்த்தி நாவொன்றே துணையாக வாதாடிய இடத்தில், இன்று மக்கள் பிரதிநிதிகட்கு நாவும் உண்டு, கையும் உண்டு.

எனினும் ஏட்டில் எழுதிய உரிமை தானே இயங்குவதன்று. வினவுவார் வாய் மூடின் எந்தச் சபையும் வெறுங்கட்டடமே. நன்கு கற்று, சான்று தேடி, அஞ்சாது வினவுதலும், தோற்றவிடத்து முடிவுக்குப் பணிதலும் ஆகிய இரண்டையும் நம் கல்லூரிச் சொற்பொழிவு மன்றத்திலேயே நாம் பழகத் தொடங்கலாம். திருமயத்துப் பெருந்தகை விட்டுச்சென்ற செல்வம் அதுவே.