தோண்டாத குழியைத் தந்தவர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரின் உயிரியல் பூங்கா உள்ளிட்ட பகுதிகளுக்கு அடியில் ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1930-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கே கல் வெட்டியெடுத்தார்கள். 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டபோது, அணுகுண்டுக்குத் தப்பி 50 ஆயிரம் பேர் தங்குவதற்கான புகலிடமாக அதைத் திட்டமிட்டிருந்தார்கள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ் வெப்பம் மாறாமல் நிற்கும். அந்தச் சுரங்கத்துக்குள் மக்கள் டிஸ்க் கோல்ஃப் ஆடியிருக்கிறார்கள்.

பறக்கும் பிளாஸ்டிக் வட்டைக் கையால் எறிந்து, மிகக் குறைந்த எறிதல்களில் தொலைவிலுள்ள கூடையில் சேர்ப்பதே டிஸ்க் கோல்ஃப். மட்டை, பந்து, புல்வெளி எதுவும் வேண்டாம். திறந்தவெளியில் மரங்கள் தரும் தடையைச் சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் கல்தூண்கள் தருகின்றன. கோல்ஃப் ஆட்டத்தின் சாயலுள்ள ஒன்று இப்படிப் பாறைக்குள் நுழைய முடிந்ததற்குக் காரணமானவர் எட் ஹெட்ரிக். 2002-இல் மறைந்த அவருடைய வாழ்க்கை, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்த்த ஒன்று.

ஹெட்ரிக் 1924-இல் கலிஃபோர்னியாவின் தெற்குப் பசடீனாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றினார். 1964-இல் வாம்-ஓ என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். இடுப்பில் சுழற்றும் ஹூலா ஹூப் வளையத்தை 1958-இல் நாடெங்கும் பரப்பிய நிறுவனம் அது. அந்த மோகம் எவ்வளவு வேகமாக ஏறியதோ அவ்வளவு வேகமாக இறங்கியது. ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் விற்று, அடுத்த பருவத்தில் கிடங்கில் தேங்குவதே விளையாட்டுப் பொருள்களின் பொதுவான தலைவிதி.

ஃபிரெட் மாரிசன் உருவாக்கிய பறக்கும் வட்டை அந்நிறுவனம் 1957-இல் வாங்கி, பின்னர் ஃபிரிஸ்பீ என்ற பெயரில் விற்றுவந்தது. ஹெட்ரிக் அதன் மேற்பரப்பில் வட்ட வட்டமான மெல்லிய வரம்புகளைச் சேர்த்தார். தள்ளாடிப் பறந்த வட்டு நிலையாகப் பறந்தது. எறிபவர் நினைத்த இடத்துக்குப் போனது. இதற்கான காப்புரிமை 1967 டிசம்பரில் கிடைத்தது. குறிவைத்து எறிய முடிந்த கணத்திலேயே அது குழந்தைகளின் பொம்மை என்ற நிலையைக் கடந்துவிட்டது. திறமையை அளக்கும் கருவி ஆயிற்று.

பொம்மை சலித்துப்போகும், விளையாட்டு சலிக்காது என்பதை ஹெட்ரிக் உணர்ந்திருந்தார். 1967-இல் பன்னாட்டு ஃபிரிஸ்பீ சங்கத்தைத் தொடங்கினார். 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் களம் அமைந்தது. வட்டைக் குறிநோக்கி எறியும் யோசனை அவருக்கு மட்டுமே உதித்ததன்று. கனடாவின் பிளாட்வொர்த் சிற்றூரில் 1926-லேயே சிறுவர்கள் தகர மூடிகளை எறிந்து இத்தகைய ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். ஆனால், அது அவர்களோடு நின்றுபோனது.

நின்றுபோகாமல் காத்தது ஹெட்ரிக்கின் அடுத்த கண்டுபிடிப்பு. தொடக்கத்தில் கம்பங்களே இலக்குகள். வட்டு கம்பத்தில் பட்டதா, உரசிப் போனதா என்பதில் ஓயாத சச்சரவு. ஹெட்ரிக் கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையைப் பொருத்தினார். சங்கிலி வட்டின் வேகத்தை உறிஞ்சும்; வட்டு கூடையில் விழும். சங்கிலியின் ஓசையும் கூடையில் கிடக்கும் வட்டுமே சாட்சி. நடுவர் தேவைப்படவில்லை. 1977-இல் இதற்கும் காப்புரிமை பெற்றார்.

வழக்கமான 18 குழி கோல்ஃப் திடலுக்கு 100 ஏக்கருக்கும் மேல் நிலம் வேண்டும். புல்லுக்கு ஓயாமல் நீர் வேண்டும். ஹெட்ரிக்கின் குழியோ தரையைத் தோண்டாமலே அமைவது. எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். நகரப் பூங்காவிலும் காட்டுச் சரிவிலும் கைவிடப்பட்ட சுரங்கத்திலும் களம் உருவானது அதனால்தான்.

1976-இல் வாம்-ஓ நிறுவனத்தை விட்டு வெளியேறி, கூடைகளைத் தயாரிக்கும் சொந்தத் தொழிலை மகனோடு தொடங்கினார். அதே ஆண்டில் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் நிறுவினார். அதன் முதல் எண் உறுப்பினர் அவரே. கூடையின் காப்புரிமை, கூடை விற்கும் நிறுவனம், விதிகளை வகுக்கும் சங்கம் மூன்றும் ஒருவர் கையில் இருந்தன. பொருளாதாரத்தில் இதை முற்றுரிமை என்போம். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் தாமாக இறங்கிவருவது அரிது.

ஹெட்ரிக் இறங்கிவந்தார். 1980-களின் தொடக்கத்தில் சங்கத்தின் நிர்வாகத்தை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைத்தார். கூடையின் காப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். அதுவும் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டுகளே செல்லும். 1994-க்குப் பிறகு அந்த வடிவம் பொதுச்சொத்து. இன்று உலகில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட களங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் ஆடுவதற்குக் கட்டணமே இல்லை.

இதைத் தியாகம் என்று நான் கூறமாட்டேன். அவர் வணிகர், கூடை விற்றுப் பிழைத்தவர். ஆட்டம் பரவினால் கூடை விற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும், கருவிக்கு உரிமை கொண்டாடலாம், ஆட்டத்துக்கு உரிமை கொண்டாடினால் ஆட்டமே தேய்ந்துவிடும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. விளையாட்டு அமைப்புகளைச் சிலர் தங்கள் குடும்பச் சொத்தாகக் கருதும் நம் நாட்டில் இந்தத் தெளிவு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2002 ஜூலையில் மயாமியில் நடந்த டிஸ்க் கோல்ஃப் போட்டிக்குச் சென்றிருந்தபோது ஹெட்ரிக் பக்கவாதத்துக்கு உள்ளானார். ஆகஸ்ட் 12 அன்று கலிஃபோர்னியாவில் தம் இல்லத்தில் காலமானார், வயது 78. அவருடைய விருப்பப்படி அவரது சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து நினைவு வட்டுகளாக வார்த்தார்கள். கல்லறைக் குழியும் அவருக்குத் தேவைப்படவில்லை.