துணி இறக்கையில் பறந்த மதராஸ் தபால்: 78 வயதிலும் ஜே.ஆர்.டி. டாடா அதையே நம்பியது எப்படி?

ஏர் இந்தியாவின் கதை துணி போர்த்திய இறக்கையில்தான் தொடங்கியது.

1932 அக்டோபர் 15. கராச்சியில் இருந்து 'புஸ் மாத்' என்ற குட்டி விமானம் கிளம்பியது. உள்ளே சுமார் 25 கிலோ தபால். ஓட்டியவர் 28 வயது ஜே.ஆர்.டி. டாடா. அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து நண்பர் நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியாக மதராசுக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தார்.

யார் இந்த ஜே.ஆர்.டி.?

1904-ல் பாரிஸில் பிறந்தவர். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளெரியோவின் வீடு, இவர்கள் கோடை விடுமுறைக்குப் போகும் ஊரில்தான் இருந்தது. சின்ன வயதில் பிடித்த அந்தப் பறக்கும் ஆசை விடவே இல்லை. 1929-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் இவருக்குத்தான்.

துணி எப்படி விமானத்தைத் தாங்கும்?

இறக்கையின் எலும்புக்கூடு மரச்சட்டம். அதன்மேல் துணியைப் போர்த்தி, சட்டத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். பிறகு 'டோப்' என்ற கரைசலைப் பல முறை பூசுவார்கள். சித்தையன்கோட்டை அருகே சின்னாளபட்டியில் தறி பார்த்தவர்களுக்கு, பாவுக்குக் கஞ்சி போட்டால் நூல் விறைப்பாவது தெரியும். டோப் அதற்கும் ஒரு படி மேலே. காயும்போது துணியைச் சுருக்கி, மத்தளத் தோல் மாதிரி இழுத்துப் பிடித்துவிடும்.

ஆனால் வெயிலிலும் மழையிலும் துணி நைந்துபோகும். அதனால்தான் மேல் பூச்சில் அலுமினியப் பொடி கலப்பார்கள். அப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய துணியை உரித்தே ஆக வேண்டும். உள்ளே மரம் உளுத்திருக்கிறதா, பசை விட்டிருக்கிறதா என்று விரலால் தட்டித் தடவிப் பார்த்து, சரிசெய்த பிறகே புதுத் துணி. மூடிவிட்டால் உள்ளே இருக்கும் குறை விமானியின் கண்ணுக்குத் தெரியாது. தைத்தவர் கையை நம்பித்தான் ஏற வேண்டும்.

50 ஆண்டு கழித்து...

ஏர் இந்தியாவை வளர்த்த ஜே.ஆர்.டி.யை, 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அதன் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. பதவி போனது, பறக்கும் ஆசை போகவில்லை. 1982 அக்டோபர் 15-ல், 78 வயதில், அதே கராச்சி–பம்பாய் பாதையில் மறுபடி கிளம்பினார். இந்த முறை 'லெபர்ட் மாத்'. இதுவும் 1930-களின் தயாரிப்பு, மரமும் துணியும் சேர்ந்த இறக்கை. சோர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு அந்தக் கால உற்சாகத்தைக் காட்ட வேண்டும் என்பதே அவர் விருப்பம். சொன்னபடி ஜூஹுவில் இறங்கினார்.

1992-ல் பாரத ரத்னா வந்தது. 1993-ல் ஜெனீவாவில் காலமானார். ஜூஹுவில் அவர் இறங்கிய அந்த நாளில், விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த மெக்கானிக்குகளின் உழைப்பும் கூடவே இறங்கியது.