மண்ணிறக் கண்கள்

நூறாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையிலே, பெண்பிள்ளைகளின் வாழ்வுக்காகத் தம்மை முற்றாக ஈந்த ஒரு பெண்மணியை நினைவுகூர விரும்புகின்றோம். அவர் ஏமி கார்மைக்கேல். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் வெறுமனே அம்மா.

அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், 1867 டிசெம்பர் 16 ஆந் திகதி, ஏழு பிள்ளைகளுள் மூத்தவராக அவர் பிறந்தார். தந்தையார் மாவாலை உரிமையாளர். தாயாரின் கண்கள் நீலம். ஏமியின் கண்களோ மண்ணிறம். கேட்பதைக் கடவுள் கொடுப்பார் என்று தாயார் சொல்லிக்கொடுத்திருந்ததால், சிறுமி ஓரிரவு நீலக் கண்களைக் கேட்டு மன்றாடிவிட்டு உறங்கினாள். விடிந்ததும் கண்ணாடிக்கு ஓடினாள். அதே மண்ணிறக் கண்களே அவளைப் பார்த்தன. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்பதை அன்று அவள் அறிந்துகொண்டாள். அந்தப் பதிலின் காரணம் விளங்க நெடுங்காலம் சென்றது.

இளம்வயதில் பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்களிடையே அவர் தொண்டு தொடங்கினார். சீனாவுக்குச் செல்ல விரும்பியபோது, உடல்நிலை இடந்தராது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 1893 இல் யப்பானுக்குச் சென்றார். அங்கும் நோய் அவரை விடவில்லை. 1894 இல் நமது இலங்கைத் தீவிலும் சிறிது காலம் தங்கிப் பணிசெய்துவிட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டு, 1895 இல், இந்தியாவில் வந்திறங்கினார். உடல்நலம் போதாதவர் என்று கழிக்கப்பட்ட அந்தப் பெண், அதன்பின் ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்.

திருநெல்வேலிச் சீமையில் தமிழைக் கற்றார், சேலை உடுத்தார், தமிழ்ப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். 1901 மார்ச் மாதத்தில் அவரது வாழ்வின் திசை மாறியது. கோயிலுக்கு நேர்ந்துவிடுவதற்கென வைக்கப்பட்டிருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, அந்த வீட்டை விட்டுத் தப்பியோடி வந்தாள். முன்பும் ஒருமுறை ஓடிப் பிடிபட்டு, கையில் சூடு வாங்கியவள் அவள். இம்முறை நல்ல மனமுள்ள ஒரு பெண் அவளைக் கண்டு, பண்ணைவிளையில் இருந்த ஏமியிடம் கொண்டுவந்து சேர்த்தாள். ஏமியோ நெடுநாள் வெளியூரில் தங்கிவிட்டு அப்போதுதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். சில நாள் முந்தி ஓடிவந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அங்கே அடைக்கலம் இருந்திராது.

இத்தகைய சிறுமிகளின் நிலையை நேரில் அறிய, ஏமி தம் தோலைக் கருநிறமாக்கிக்கொண்டு இந்தியப் பெண்போல உலாவினார் என்பர். நிறத்தை மாற்றலாம், கண்களை மாற்ற முடியுமா? நீலக் கண்கள் ஒரு கணத்திலே காட்டிக்கொடுத்திருக்கும். மில்லைல் வீட்டுக் கண்ணாடியில் கண்ட ஏமாற்றத்துக்கு அவருக்கு அப்போது பொருள் விளங்கியது.

டோனாவூரில் பிள்ளைகள் பெருகினர். பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்கள் அவருக்குத் துணைநின்றனர். பாலூட்டுவதும், துணி துவைப்பதும், நகம் வெட்டுவதும், இரவு கண்விழிப்பதுமே நாளாந்த ஊழியமாயிற்று. ஊழியத்துக்கென வந்தவர் ஆயாவேலை பார்ப்பதா என்று சிலர் குறைப்பட்டனர். சீடரின் கால்களைக் கழுவத் துவாலை எடுத்த ஆண்டவரை எண்ணிப் பார்த்தபின், எந்த வேலையும் அவருக்குச் சிறிதாகத் தோன்றவில்லை. பிறந்த திகதி அறியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் வந்துசேர்ந்த நாளே கொண்டாட்ட நாளாயிற்று. செலவுக்காக மனிதரிடம் கையேந்துவதில்லை என்பது அவரது நியமம். வந்த தொகை வேண்டிய அளவுக்குப் பொருந்தி வந்த வேளைகளை நன்றியுடன் குறித்துவைத்தார்.

ஆனால் எல்லாம் இனிதாகவே முடிந்தது என்று நாம் எழுதிவிட முடியாது. காப்பாற்றிய குழந்தைகள் சிலர் அவரது கையிலேயே இறந்தனர். 1931 இல் ஒருநாள் காலையில், இன்னும் நன்றாகப் பணிசெய்யத் தம்மை எவ்விதமாகவேனும் ஆயத்தப்படுத்தும்படி அவர் மன்றாடினார். அன்று மாலை களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், இருளில், தவறான இடத்தில் வெட்டியிருந்த குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையே அவரது உலகம். நூல்கள் பலவற்றை அங்கிருந்தே எழுதினார். அவை நோயாளருக்கு ஆறுதலாயின. எனினும் நோவு நோவாகவே இருந்தது.

இவ்விடத்தில்தான் அவரிடம் நாம் கற்கவேண்டியது அதிகம் என்று எண்ணுகின்றோம். வீட்டையும் ஊரையும் விட்டு இடம்பெயர்ந்தோர் நம்மில் எத்தனை பேர்! ஒரு பேருந்தைத் தவறவிட்டதால் உயிர் தப்பியதை இறைவன் செயல் என்போம். அதே பேருந்தில் சென்று மீளாதவளின் தாய்க்கு நாம் என்ன சொல்வோம்? ஏமி அம்மையார் எல்லாவற்றுக்கும் விளக்கம் கூறியவரல்லர். விளங்கியதற்கு நன்றி கூறினார். விளங்காததை விளங்காததாகவே இறைவன் கையில் விட்டார். அடுத்த பிள்ளையின் அழுகைக்கு எழுந்து சென்றார். மற்றவரின் துயருக்கு அவசரமாகக் காரணம் கற்பியாமல், நமது சொந்த நாளிலே கிடைத்த சிறு நன்மைகளை இரவில் எண்ணிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் இயலும். எந்தச் சமயத்தவராயினும், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், எமது பழைய மாணவிகள் இதனை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இல் வந்தது. அதைக் காணும்வரை அவர் உயிருடன் இருந்தார். 1951 ஜனவரி 18 ஆந் திகதி டோனாவூரில் கண்மூடினார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்பது அவரது விருப்பம். ஆகவே பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கற்தொட்டியை வைத்தனர். அதிலே பொறித்தது ஒரே சொல்: அம்மா.