ஆலிஸ் நீலின் வாழ்வும் உருவப்படங்களின் சமூகச் சார்பும்

ஐரோப்பிய ஓவிய மரபில் உருவப்படம் பெரிதும் புரவலரின் பணத்தை நம்பி வளர்ந்த வகையாகும். அரசரும் வணிகரும் தம்மை வரையச் செய்தனர். ஓவியர் அவர்தம் விருப்பத்திற்கு இணங்கினார். தம்மை வரையுமாறு எவரையும் பணிக்க இயலாத எளியோரைத் தம் வீட்டு நாற்காலியில் அமர்த்தி இவ்வுறவைப் புரட்டிப்போட்டவர் அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் (1900–1984). பணம் தருவோர் இல்லாததால் எவரையும் அழகுபடுத்திக் காட்டும் கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. படங்களை வாங்குவோரும் நெடுங்காலம் இருக்கவில்லை.

பென்சில்வேனியாவில் பிறந்த நீல், பிலடெல்பியா மகளிர் வடிவமைப்புப் பள்ளியில் பயின்று, 1925இல் கியூப ஓவியர் கார்லோஸ் என்ரிக்கேசை மணந்தார். ஹவானாவில் பிறந்த மூத்த மகள் ஓராண்டு நிறையும் முன்னரே நியூயார்க்கில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தாள். 1930இல் கணவர் இளைய மகளைக் கியூபாவுக்கு அழைத்துச் சென்றுவிட, நீல் மனம் முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1934இல் அவருடன் வாழ்ந்தவர் சினமுற்று, முந்நூறுக்கும் மேற்பட்ட வரைவுகளையும் நீர்வண்ணப் படங்களையும் ஓவியங்களையும் அழித்தார். நீலின் தொடக்ககாலப் படைப்புகள் பல இன்று கிடைக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசு கலைஞர்களுக்கு ஊதியம் வழங்கிய திட்டமே அவரைத் தாங்கியது. 1935இல் அவர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அக்காலத்து இடதுசாரி ஓவியம் திரண்ட கூட்டத்தையும் வீறுகொண்ட உழைப்பாளியின் பொதுவடிவத்தையும் விரும்பியது. நீலோ, துறைமுகத் தொழிலாளரைத் திரட்டிய பேட் வேலனை வரைந்தபோதும், கட்சி நாளிதழின்மேல் ஊன்றிய முட்டிகளோடு சோர்ந்த ஒரு தனிமனிதரின் முகத்தையும் பதிவு செய்தார்.

1938இல் அவர் போர்ட்டோ ரிக்கோ மக்கள் செறிந்து வாழ்ந்த ஸ்பானிஷ் ஹார்லெமில் குடியேறினார். 1940இல் வரைந்த ‘டி.பி. ஹார்லெம்’ அவ்வாழ்வின் விளைவாகும். அவருடைய துணைவராக இருந்த இசைக்கலைஞரின் உடன்பிறந்தார் காசநோயுற்றிருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படாத அந்நாளில், விலா எலும்புகளை அகற்றி நுரையீரலைச் சுருங்கவைப்பதும் ஒரு மருத்துவமுறையாக இருந்தது. அறுவைக்குப் பின் படுக்கையிலிருக்கும் அவ்விளைஞரின் மார்பில் வெண்கட்டு தெரிகிறது. அதைக் காண்போருக்குக் கிறிஸ்துவின் விலாக்காயம் நினைவில் எழுவது இயல்பே. நெரிசலான குடியிருப்பையோ வறுமையையோ நீல் தனியே வரையவில்லை. தலைப்பிலுள்ள இடப்பெயரும் நோயின் பெயரும் அப்பணியைச் செய்துவிடுகின்றன.

1943இல் அரசுத் திட்டம் முடிவுற்றது. அதன்கீழ் வரையப்பட்ட ஓவியங்கள் பல பழந்துணியாக எடைக்கு விற்கப்பட்டன. நீல் தம் படங்கள் சிலவற்றைத் தாமே விலைகொடுத்து மீட்க நேர்ந்தது. அடுத்த இருபதாண்டுகள் அருவ ஓவியத்தின் காலம். மனித உருவம் பழமையெனத் தள்ளப்பட்டது. விற்காத படங்கள் வீட்டில் அடுக்கடுக்காகக் குவிந்தன. 1955இல் கூட்டரசுப் புலனாய்வுத் துறையினர் அவரை விசாரிக்க வந்தனர். அவர்களையும் தம்முன் அமருமாறு நீல் அழைத்ததாகக் கூறுவர்; அமர்ந்திருந்தால் ஓவிய உலகிற்கு அரிய படமொன்று கிடைத்திருக்கும்.

பெண்ணிய இயக்கம் அவரை முன்னிறுத்தியபோது அவருக்கு எழுபது வயது. 1970இல் டைம் இதழின் அட்டைக்காக எழுத்தாளர் கேட் மில்லட்டை வரைய வேண்டியிருந்தது. இயக்கத்திற்கு ஒற்றை முகம் கூடாது என்று கருதி மில்லட் அமர மறுக்க, நீல் ஒளிப்படத்தைக் கொண்டே வரைந்தார். தனிமனித முகத்தின்வழிச் சமூகத்தைச் சொல்லும் அவருடைய முறைக்கு எழுந்த இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதே ஆண்டில் புகழ்பெற்ற ஆண்டி வார்ஹோல் அவர்முன் அமர்ந்தார். துப்பாக்கிச் சூட்டின் தழும்புகளும் இடுப்புக் கச்சையும் தெரிய, கண்மூடிய நிலையில் அவர் வரையப்பட்டார். ஹார்லெம் இளைஞரின் வெண்கட்டை நோக்கிய அதே பார்வை இங்கும் உள்ளது. புகழ் சலுகை எதையும் பெற்றுத்தரவில்லை.

1974இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நீலின் படைப்புகளைத் தொகுத்துக் காட்சிப்படுத்தியது. 1980இல், எண்பதாம் வயதில், நீலக்கோடிட்ட நாற்காலியில் தூரிகை ஏந்தி ஆடையின்றி அமர்ந்த தம் உருவை அவர் வரைந்து முடித்தார். அதற்கு முன் பிறர் பலர் அமர்ந்து வரையப்பட்ட நாற்காலி அது.