பேச வைத்தே நோய் தீர்க்க முயன்ற கல்கத்தா டாக்டர்

தேனிக்குப் பக்கத்தில், க.விலக்கில், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2004-ம் ஆண்டு ஏற்பட்டது. கம்பம், கூடலூர், சின்னமனூர் ஜனங்கள் பஸ் ஏறி அங்கே வருகிறார்கள். காய்ச்சல்காரருக்கு ஒரு வரிசை, கால் ஒடிந்தவருக்கு ஒரு வரிசை. மனம் ஒடிந்தவருக்கும் அதே வாசல், அதே சீட்டுதான்.

முன்பு இப்படி இல்லை. மனம் பேதலித்தவரைக் குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ அழைத்துப் போவார்கள். அதற்கும் மிஞ்சினால் சென்னை கீழ்ப்பாக்கம். அந்தப் பெயர் வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஊரார் யோசித்தார்கள்.

மற்ற நோயாளிகளோடு வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, மாலையில் வீடு திரும்பும் வசதி மனநோயாளிக்கு இந்தியாவில் முதன் முதலில் கிடைத்தது 1933-ல். கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் கிரீந்திரசேகர போஸ். (நேதாஜி வேறு, இவர் வேறு.)

ஜாலவித்தை பழகிய மாணவர்

1887-ல் பிறந்தவர். தகப்பனார் தர்பங்கா சமஸ்தானத்தில் திவான். வீட்டில் செல்வமும் இருந்தது, கல்வியும் இருந்தது. அண்ணன் ராஜசேகர், பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தையே சிரிக்க வைத்த எழுத்தாளர்.

தம்பிக்கு மாணவப் பருவத்தில் ஜாலவித்தையிலும் மனோவசியத்திலும் மோகம். 1910-ல் டாக்டர் பட்டம் பெற்ற பிறகும் அது போகவில்லை. உடலில் கோளாறு ஏதும் தெரியாமலே வலியும் பயமும் கொண்டு வருகிறவர்களுக்கு மனோவசியம் செய்து பார்த்தார். சிலருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் நிலைக்கவில்லை. ஆகவே அவர்களைப் பேச விட்டார். மனதில் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். வியன்னாவில் டாக்டர் பிராய்டு இதையே செய்கிறார் என்பது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் வந்து கையில் கிடைக்கு முன்பே, தாமாகவே பாதி வழி நடந்துவிட்டார்.

1921-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய நூலை வியன்னாவுக்கு அனுப்பினார். பதில் வந்தது. 1922-ல் தம் வீட்டிலேயே இந்திய மனப்பகுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். கடிதப் போக்குவரத்து பல ஆண்டுகள் நீடித்தது. இருவரும் ஒரு நாளும் நேரில் சந்தித்ததில்லை.

குருவுக்கு அடங்காத சீடர்

கடிதம் எழுதினாரே தவிர, தலையாட்டவில்லை. மனிதனின் ஒவ்வொரு ஆசைக்குள்ளும் அதற்கு நேர் எதிரான ஆசை ஒளிந்திருக்கிறது என்பது போஸின் கொள்கை. அடிக்க நினைப்பவன் அடிபடவும் நினைக்கிறான். இரண்டையும் நோயாளி உணர்ந்துவிட்டால் நோயின் பிடி தளரும் என்றார். ஐரோப்பிய நோயாளிகளிடம் பிராய்டு கண்டதெல்லாம் தம்மிடம் வரும் இந்தியர்களிடம் அதே அளவில் இல்லை என்றும் எழுதினார். பிராய்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை.

யார் மார்க் போடுவது?

இங்கேதான் சிக்கல். காய்ச்சல் இறங்கியதா என்று பார்க்கக் கருவி உண்டு. பேச்சால் மனம் தேறியதா என்று எதை வைத்து அளப்பது? போஸின் வைத்தியத்தில் கேட்டவரும் அவரே, தீர்ப்புச் சொன்னவரும் அவரே. வெளியிலிருந்து ஒருவர் வந்து சோதித்து மார்க் போடும் ஏற்பாடு கிடையாது. கெட்டிக்காரர் ஒருவர் கையில் இது நடக்கலாம். எல்லார் கையிலும் நடக்குமா?

பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மார்க் போட ஆள் வந்தது பின்னால்தான். போர் கமிட்டிக்காக டாக்டர் மூர் டெய்லர் நாட்டின் மனநோய் ஆஸ்பத்திரிகளைச் சுற்றிப் பார்த்தார். 1946-ல் அறிக்கை வெளிவந்தது. இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு படுக்கை. இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒன்று! அந்தக் கட்டடங்களும் பெரும்பாலும் அடைத்து வைக்கக் கட்டியவையே தவிர, குணப்படுத்தக் கட்டியவை அல்ல என்று டெய்லர் தாட்சண்யமில்லாமல் எழுதினார்.

போஸ் அதற்கு ஆறு வருஷம் முன்பே வேறு மாதிரி ஓர் இடத்தை உண்டாக்கியிருந்தார். கல்கத்தாவில் அண்ணன் கொடுத்த இடத்தில், 1940-ல், லும்பினி பார்க் மனநல ஆஸ்பத்திரி. புத்தர் பிறந்த ஊரின் பெயர். ஆரம்பத்தில் மூன்றே படுக்கைகள்.

கவிஞரின் மௌனம்

1942-ல் அங்கே ஒரு நோயாளி வந்தார். வங்காளமே பாடிக்கொண்டிருந்த கவிஞர், காஜி நஸ்ருல் இஸ்லாம். வெள்ளையரை எதிர்த்துப் பாடிச் சிறை சென்றவர். அவருடைய நா குழறிற்று, நினைவு மங்கிற்று. பேச வைத்தே வைத்தியம் செய்யும் இடத்துக்குப் பேச்சிழந்த மனிதர் வந்து சேர்ந்தார். சுமார் நான்கு மாதம் சிகிச்சை நடந்தது. குணம் தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

போஸ் தோற்றாரா? பதில் கிடைக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. அன்பர்கள் பணம் திரட்டி 1953-ல் கவிஞரை லண்டனுக்கும், பிறகு வியன்னாவுக்கும் அனுப்பினார்கள். வியன்னாவில் டாக்டர் ஹான்ஸ் ஹாப், மூளையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்தார். மூளையே சுருங்கும் பிக் நோய் என்று கண்டார். பேச்சும் மருந்தும் எட்டாத நோய் அது. டிசம்பர் மாதத்தில் அந்த முடிவு தெரிந்தது.

கிரீந்திரசேகர போஸ் அதைக் கேட்க இல்லை. அதே 1953-ல், ஜூன் மாதத்திலேயே அவர் காலமாகிவிட்டார். நஸ்ருல் 1976 வரை மௌனமாகவே வாழ்ந்தார்.